பொய் நிச்சயதார்த்தமும் நிஜப் பட்டினியும்

மனநல மருத்துவர் பதில்

கேள்வி:

எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. பதின்மூன்று வயதிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே 'குண்டு'தான். நான் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா தோசையை எண்ணுவார். அதே தெருவில் குடியிருக்கும் அத்தை (அப்பாவின் அக்கா), "முகம் லட்சணம்தான், உடம்புதான் கெடுக்கிறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்பா எதுவும் பேச மாட்டார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். மூன்று வருடமாக வரன் பார்த்தார்கள். ஜாதகத்தோடு அனுப்பிய போட்டோவில் ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி என் இடுப்பையும் கன்னத்தையும் குறைத்திருந்தார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று போனார்கள்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குச் சொந்த அக்காள் மகளைக் கட்டிவைக்க வீட்டில் நெருக்கினார்கள். "பத்து வயது சின்னவள், நான் தூக்கி வளர்த்த குழந்தை, என்னால் முடியாது" என்பார். விளையாட்டாகப் பேசியது திட்டமாகிவிட்டது. இருவரும் விரும்புவதாக வீட்டில் சொல்வது, ஒரு வருடம் ஓட்டுவது, பிறகு ஒத்துவரவில்லை என்று பிரிந்துவிடுவது. இரண்டு குடும்பமும் ஒரே சமூகமாக இருந்ததால் எதிர்ப்பே வரவில்லை. வைகாசியில் தட்டு மாற்றி நிச்சயமே செய்துவிட்டார்கள். தையில் கல்யாணம் என்கிறார்கள். ஆவணி பிறந்ததும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டப்போகிறார்கள்.

நிச்சய விருந்தில், எல்லோர் எதிரிலும், "உனக்கு ஜாங்கிரி வேண்டாம்டி" என்று அத்தை என் இலையிலிருந்ததை எடுத்தார். நண்பர் ஒன்றும் பேசாமல் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை. பத்துக் கிலோ குறைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். காலையும் மதியமும் பவுடர் கலக்கிக் குடிக்கிறேன், இரவு ஒரு சப்பாத்தி. அத்தை தன் தைராய்டு மாத்திரையைக் கொடுத்தார், மூன்று வாரமாகப் போடுகிறேன். ஆனால் வாரத்தில் மூன்று நாலு இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டே இருப்பதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். இது ஒரு வருடமாகவே உண்டு, இப்போது அதிகம். எனக்குத் தீட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போன வாரம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தேன். அவர்தான் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போனார். இரவு போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் செய்தது தப்பா? அவரிடம் எப்போது சொல்வது? பிரிய நேர்ந்தால் வீட்டில் என்ன சொல்வது? அவர்கள் வீட்டில் வழக்குப் போடுவார்களா? மோதிரத்தை என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது காதலைப் பற்றி. நான் முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் விருந்து, போட்டோ, மண்டபம் எல்லாம் விரிவாக வருகின்றன. மயங்கி விழுந்தது ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஒரு மருத்துவராக நான் அந்த வரியில்தான் நின்றேன்.

அத்தை கொடுக்கும் தைராய்டு மாத்திரையை இன்றோடு விடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு, இரத்தத்தில் அளவு பார்த்து, மைக்ரோகிராம் கணக்கில் எழுதித் தரும் ஹார்மோன் அது. சுரப்பு சரியாக இருக்கிறவர் அதை விழுங்கினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். உடல் இளைக்க இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் தகவல் தாளில் கட்டம் கட்டியே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அரைப் பட்டினியில் இருக்கும் உடம்பில் இதையும் போட்டால் மயக்கம் வருவதில் வியப்பில்லை. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். மூன்று வாரம் மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவு அவரைத் தவறான பக்கம் கொண்டுபோகும்.

அதே மருத்துவரிடம், அல்லது ஒரு மகப்பேறு மருத்துவரிடம், மாதவிடாய் தள்ளிப்போவதையும் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, கூடவே எடையும் ஏறியிருக்கிறது என்றால், சினைப்பையில் நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன். அது இருந்தால் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் எடை எளிதில் ஏறும், இறங்க மறுக்கும். 'வாயைக் கட்டவில்லை' என்று பதினாறு வருடமாக உங்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தில் ஒரு பங்கு ஹார்மோனுடையதாக இருக்கலாம். இடுப்பைக் குறைக்க ஸ்டூடியோவுக்குப் போன வீட்டில், இரத்தம் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை உங்கள் பெற்றோர் படித்தால் படிக்கட்டும்.

இனி இரவுச் சாப்பாடு. அதை நீங்கள் 'கேவலமான பழக்கம்' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது பட்டினியின் நேரடி விளைவாகத் தெரிகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக, உடலும் மனமும் திடமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும். எடையில் கால்வாசி கரைந்தது. அவர்களுடைய மனதுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்குத் தேவையான செய்தி. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், பெண்கள் மேலிருந்த நாட்டமே போய்விட்டது. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு முட்டத் தின்றும் நிறைவு தெரியாமல் தவித்தார்கள். இவர்கள் யாரும் அதற்கு முன் சாப்பாட்டில் பிரச்சினை உள்ளவர்கள் இல்லை. உங்கள் இரண்டு டம்ளர் பவுடரும் ஒரு சப்பாத்தியும் அந்த 1,570இல் பாதியைத் தொடுமா என்பதே சந்தேகம். அப்படியிருக்க, இரவு பதினொரு மணிக்கு உங்கள் கால்கள் சமையலறைக்குப் போகாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட வேண்டும்.

குறைந்தது வாரம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு மேல், நிறுத்த முடியாமல் பெருமளவு சாப்பிட்டு, அதை மறைத்து, அதற்காக வெட்கப்படுவது தொடர்ந்தால் அதை பிஞ்ச் ஈட்டிங் என்ற நோயாகவே மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. உங்களுக்கு அதுதானா என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். ஆனால் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும். அதன் முதல் படியைக் கேட்டால் உங்கள் அத்தைக்குத் தலை சுற்றும்: வேளை தவறாமல் சாப்பிடுவது. காலை, மதியம், இரவு முழுச் சாப்பாடு, நடுவே ஒரு சுண்டலோ பழமோ மோரோ. எந்த இரண்டு சாப்பாட்டுக்கும் இடையில் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முந்தைய இரவு அள்ளிச் சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலை இட்லியை விடக் கூடாது. விட்டால் அன்று இரவும் அதேதான் நடக்கும். ஒரு சின்ன நோட்டில் எப்போது, என்ன, அப்போது மனதில் என்ன இருந்தது என்று எழுதிவாருங்கள். எடை பார்ப்பது வாரத்தில் ஒரு நாள் போதும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். சாப்பிட்டபின் விரலை விட்டு வாந்தி எடுக்கிறீர்களா? பேதி மாத்திரை போடுகிறீர்களா? கடிதத்தில் இல்லை. ஆனால் வெட்கத்தால் விட்டுப்போகிற செய்தி இதுதான். இருந்தால் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத்தைப் பாதிக்கக் கூடியது.

உங்கள் எடை பற்றி நான் பூசி மெழுகப் போவதில்லை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) உங்களுக்கு 33க்குக் கொஞ்சம் கீழே. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். (அந்தக் குறியீட்டுக்கு 1972இல் இன்றைய பெயரை வைத்தவரும் அதே ஆன்சல் கீஸ்தான்.) சர்க்கரை நோய், மூட்டு, மாதவிடாய் ஆகியவற்றின் பொருட்டு எடை குறைவது நல்லதே. ஆனால் நல்ல பலன் தொடங்குவதற்கு 82இலிருந்து நாலைந்து கிலோ இறங்கினாலே போதும், அதையும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு இறக்கலாம். பட்டினி கிடந்து வேகமாகப் பத்துக் கிலோ இறக்க ஓடினால் முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேரும், போன எடை வட்டியோடு திரும்பும். இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. யாராவது உறவுக்காரர் அதையும் சிபாரிசு செய்வார். அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மருந்து, கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் சேர்க்கிற பொருள் அல்ல. இரவு உண்ணும் பிரச்சினை அடங்குவதற்கு முன் எந்த எடைக் குறைப்புத் திட்டத்தையும் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, வீட்டுக்கு வருவோம்.

'நான் செய்தது தப்பா' என்று கேட்கிறீர்கள். தப்புதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு பெரிய தப்பு இல்லை. உங்கள் கல்யாண விஷயத்தில் முதல் பொய்யைச் சொன்னவர் நீங்கள் இல்லை. ஒல்லியாக்கிய போட்டோவை ஜாதகத்தோடு வைத்து அனுப்பியபோதே அது தொடங்கிவிட்டது. வந்த ஒவ்வொரு குடும்பமும் உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணைப் பார்க்க வந்தது. உங்களைப் பார்த்ததும் ஏமாந்தது. அந்த ஏமாற்றத்தை உங்கள் உடம்பின் குற்றமாக எழுதிக்கொண்டு காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். உங்களை வேண்டாம் என்ற வீடுகளிலும் உங்களைப் போன்ற ஓர் அண்ணி, ஓர் அக்காள் இருந்திருப்பாள். அவளையும் அந்த வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேலி செய்தால் ரோஷம் வந்து இளைத்துவிடுவாள் என்று உங்கள் அம்மாவும் அத்தையும் உண்மையாகவே நம்பியிருக்கலாம். நம் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். அதே மினசோட்டாவில் 1998-99இல் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. எடைக்காகக் கேலிக்கு ஆளான பிள்ளைகள் பெரியவர்களானபோது பருமனாக இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வீட்டார் கேலி செய்த பெண்களிடம், மனம் நோகும்போதெல்லாம் சாப்பாட்டைத் தேடுவதும் கட்டுப்பாடற்றுச் சாப்பிடுவதும் கூடுதலாகத் தென்பட்டன. தோசையை எண்ணியதன் பலனை உங்கள் அம்மா நள்ளிரவில் எழுந்து சமையலறையில் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

இந்தப் பொய் நிச்சயத்தால் நீங்கள் எதிர்பார்த்தது நிம்மதி. வரன் பார்ப்பது நின்றது, அது உண்மை. ஆனால் பேச்சு நின்றதா? 'கல்யாணம் ஆக வேண்டுமே, இளை' என்றவர்கள் இப்போது 'கல்யாணம் வருகிறதே, இளை' என்கிறார்கள். நிஜமாகவே திருமணம் நடந்தால் 'குழந்தை தங்க வேண்டுமே, இளை' என்பார்கள். மாப்பிள்ளையைக் காட்டி இந்தப் பேச்சை அடக்க முடியாது. எப்படி அடக்குவது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி அவர். இது நடிப்பில் வந்த மயக்கமோ என்று நீங்கள் பயப்படுவது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அப்படித் தள்ளிவிட வேண்டியதில்லை. உளவியலாளர் ஆர்தர் ஏரனும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட சோதனையில், முன்பின் அறியாத இருவரை உட்கார வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒருவரையொருவர் படிப்படியாக ஆழமான கேள்விகள் கேட்கச் செய்தார்கள். வெறுமனே ஊர்க்கதை பேசிய ஜோடிகளைவிட இவர்களிடம் நெருக்கம் கூடியிருந்தது. நீங்கள் இருவரும் செய்தது என்ன? இரண்டு குடும்பத்தின் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, அவருக்கு எது பிடிக்கும், உங்களுக்கு எதற்குப் பயம், யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருவரையொருவர் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அக்காள் மகள் விஷயத்தில் அவர் மனதிலிருந்த சங்கடத்தை அவருடைய வீட்டாரைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் பேசிவிட்டுத் தலையாட்டுகிற ஜோடிகளுக்கு இவ்வளவு தெரியாது.

ஆனால் ஜாங்கிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது அழகான காரியம்தான். படித்தபோது எனக்கே அந்த மனிதர்மேல் ஒரு பிரியம் வந்தது. இருந்தாலும் அது ஊரே பார்க்கிற இடத்தில் நடந்தது. அங்கே அவர் வருங்கால மாப்பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தார், நன்றாகவே நடித்திருக்கலாம். யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறார் என்பதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஆட்டோ பிடித்ததும், இரவில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டதும் எந்த அத்தைக்கும் காட்டுவதற்காகச் செய்தவை அல்ல. அது அன்பு. எந்த வகை அன்பு, நண்பனுடையதா அதற்கு மேலா என்பதை நானும் சொல்ல முடியாது, நீங்களும் ஊகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

உங்கள் மனதையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். பதினாறு வருடம் குத்திக்காட்டப்பட்டவருக்கு, குத்தாத முதல் ஆளே பெரிய மனிதராகத் தெரிவார். உங்களுக்குப் பிடித்தது அவரையா, அவர் பக்கத்தில் கிடைக்கும் நிம்மதியையா? பிரித்துப் பார்க்க ஒரு வழி: அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்று யோசியுங்கள். சட்டென்று இரண்டு மூன்று வந்து, அதற்குப் பிறகும் சிரிப்பு வருகிறது என்றால் நீங்கள் அந்த ஆளைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பழகுங்கள்.

'பத்துக் கிலோ குறைத்துவிட்டுச் சொல்கிறேன்' என்ற உங்கள் திட்டத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஸ்டூடியோக்காரர் கணினியில் செய்ததை நீங்கள் பட்டினியால் செய்யப் பார்க்கிறீர்கள். பத்துக் கிலோ குறைந்தபின் அவர் சரி என்றால், அந்தச் சம்மதம் உங்களுக்கு நிம்மதி தராது. ஒவ்வொரு கிலோ ஏறும்போதும் அது கைவிட்டுப் போகிறது என்று நடுங்குவீர்கள். அதற்கு மேல், அவர் உங்களோடு பழகியதெல்லாம் இந்த 82 கிலோவோடுதான். அவருக்கு அது தெரியாத செய்தி இல்லை.

ஆகவே மாத்திரையை நிறுத்தி, பத்துப் பதினைந்து நாள் வேளைக்குச் சாப்பிட்டு, தலை தெளிந்ததும் சொல்லிவிடுங்கள். இப்போது ஆடி, கல்யாணப் பேச்சு நகராத மாதம். இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆவணியில் முன்பணம் கட்டிவிட்டால் பிறகு எந்த வார்த்தைக்கும் ரூபாய்க் கணக்கு ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்திலும் வேண்டாம், வண்டியில் போகும்போதும் வேண்டாம். இருவருக்கும் அவசரம் இல்லாத ஒரு விடுமுறை நாளில், உட்கார்ந்து பேசுகிற இடத்தில் சொல்லுங்கள். 'நாம் நடிப்பதாகத்தான் ஆரம்பித்தோம். எனக்கு அது நடிப்பாக இல்லாமல் போய் இரண்டு மாதமாகிறது. உங்களுக்கு அப்படி இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். நாம் பேசிக்கொண்டபடி சேர்ந்தே இதை முடித்துக்கொள்ளலாம்.' இவ்வளவு போதும். உடனே பதில் வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்: 'நான் இப்படிக் குண்டாக இருப்பது உங்களுக்குப் பரவாயில்லையா?' அதைக் கேட்ட நொடியில் அவரையும் காபி குடிக்க வந்த வரிசையில் உட்கார வைத்துவிடுவீர்கள். பரவாயில்லை என்று அவர் சொன்னாலும் அது சலுகை கொடுப்பது போலத்தான் காதில் விழும்.

அவர் சரி என்றால், கல்யாணம் எப்படித் தொடங்கியது என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன். பல தம்பதிகளின் ஆரம்பக் கதை குடும்பத்துக்குத் தெரிந்த கதையாக இருப்பதில்லை. இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். அக்காள் மகளை ஏன் கட்ட முடியாது என்பதை அவர் தன் அக்காவிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். உங்களைக் கேடயமாக வைத்துச் சொல்லக் கூடாது. இல்லாவிட்டால் அந்த வீட்டில் நீங்கள் மகளின் இடத்தைப் பறித்தவளாகவே நுழைவீர்கள். அடுத்து, தை என்ற தேதியை இருவருமாகச் சேர்ந்து தள்ளிப்போடுங்கள். பங்குனி கழிந்து சித்திரை, வைகாசிக்கு முகூர்த்தங்களுக்குப் பஞ்சமில்லை.

அவர் இல்லை என்றால் வலிக்கும், கொஞ்ச நாள் நன்றாகவே வலிக்கும். அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு கூடும், அதை எதிர்பார்த்து மருத்துவரிடம் முன்பே நாள் வாங்கி வையுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பிரிவதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜாதகத்தில் தோஷம், வெளிநாட்டு வேலை என்று இன்னொரு கதை கட்டாதீர்கள். பெற்றோர் நால்வரிடம் மட்டும், நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு நீங்கள் கடன்பட்டவர்கள். விருந்துக்கு ஆன செலவில் இருவரும் பாதிப் பாதி சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனையை அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். நிச்சயம் நின்றால் நம் ஊரில் கணக்கு எழுதுவது பெண்ணின் மேல்தான். உங்கள் விஷயத்தில் 'பையனுக்கு உடம்பு பிடிக்கவில்லை' என்ற கதை மறுநாளே தெருவில் நடக்கத் தொடங்கும். அதற்கு முன்பே உங்கள் அத்தையை நேரில் வைத்து அவர் வாயால் சொல்ல வேண்டும், காரணம் அது இல்லை என்று. நண்பராக இருந்தால் இதைச் செய்வார்.

இப்போது அந்த வாயடைக்கும் விஷயம். அத்தையிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "அத்தை, என் உடம்பைப் பற்றி இனி என் டாக்டரிடம் மட்டும்தான் பேசப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு வேலை பாருங்கள். மறுநாளும் ஆரம்பிப்பார். அதே வாக்கியம், அதே குரல். கோபம் காட்டினால் அவருக்குப் பேச இன்னொரு விஷயம் கிடைத்துவிடும். அம்மாவிடம் அப்படிப் பேச முடியாது. அவருடைய பயம் வேறு: 'பெண்ணை வளர்க்கத் தெரியவில்லை' என்று நாத்தனார் சொல்லிவிடுவாரே என்ற பயம். மயங்கி விழுந்ததை அவரிடம் சொல்லுங்கள், இரவில் நடப்பதையும் சொல்லுங்கள். அவரையே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வேளை தவறாமல் சாப்பாடு போடுங்கள் என்று மருத்துவர் அவரிடம் சொல்வதற்குள்ள மதிப்பு உங்கள் வார்த்தைக்கு வராது. கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தட்டு முன்னால் இருக்கும்போது எடைப் பேச்சு வேண்டாம். மற்ற நேரத்தில் பேசினால் பேசட்டும், அதை அப்புறம் பார்க்கலாம்.

அப்பாவை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் மௌனத்தை அத்தை சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பேசுவது அவருடைய அக்காள், ஆகவே அவர் ஒருமுறை "அக்கா, விடு" என்றால் அதன் பலம் தனி. தனியாகக் கூப்பிட்டு, 'அப்பா, நீங்கள் பேசாமலிருப்பது எனக்கு அத்தை பேசுவதைவிட வலிக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். பேப்பருக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழக்கு பற்றி: நிச்சயதார்த்தம் சட்டப்படி திருமணம் ஆகாது. அதை முறிக்க விவாகரத்து எதுவும் தேவையில்லை. செலவுப் பணத்துக்காகத் தகராறு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தொலைபேசி 15100. மோதிரத்தை அவரோடு பேசி முடிக்கும்வரை கழற்ற வேண்டாம், வீட்டில் வீண் கேள்வி வரும். பிரிவதென்று முடிவானால் அவர்கள் போட்ட மோதிரம், புடவை, தட்டில் வந்த வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியல் எழுதி, இரு வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.